டர்போவில் ஆயில் கசிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் டீசல் கார்களைப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களில் பலர், "டர்போ போயிடுச்சாமுங்க" என்று வேறு எவரோ சொல்லி அனுப்பிய தீர்ப்போடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கழற்றிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் டர்போவுக்கு வெளியே இருக்கும். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

நான் அதிகம் கைவைத்தது 1248 சிசி கொண்ட 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். ஃபியட் வடிவமைத்த அந்த இன்ஜின் மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ எனப் பல பெயர்ப் பலகைகளின் கீழ் நம் சாலைகளில் ஓடியது, இன்னும் ஓடுகிறது. இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்ற டர்போ கார்களுக்கும் பொருந்தும்.

டர்போ காத்தை அழுத்துற சாமான்தானே, அதுக்கு எதுக்கு ஆயில்?

டர்போவுக்குள் ஒரே ஷாஃப்ட்டின் இரு முனைகளில் இரண்டு விசிறிகள் இருக்கின்றன. டர்பைன் எனப்படும் ஒன்றைப் புகைபோக்கிக்குப் போகும் சூடான வாயு சுழற்றுகிறது. அதனோடு சேர்ந்து சுழலும் மற்றொன்று வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புகிறது. சிறிய கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் சுற்றுகள் சுழலும். பெரும்பாலான கார் டர்போக்களில் அந்த ஷாஃப்ட்டைத் தாங்குவது குண்டு பேரிங் அல்ல. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் புஷ் என்னும் சிறு உலோகக் குழல். படலம் ஒரு நொடி அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

இந்த ஆயில் இன்ஜினுடைய ஆயில்தான். ஆயில் பம்ப் அதை அழுத்தத்துடன் ஒரு மெல்லிய பைப் வழியாக டர்போவின் மேற்பக்கம் அனுப்புகிறது. வேலை முடிந்த ஆயில், அடியில் உள்ள தடித்த பைப் வழியாகத் தன் எடையால் மட்டுமே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, வடிகிறது. வரும்போது அழுத்தம் உண்டு, திரும்பும்போது கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

உள்ளே ரப்பர் சீல் போயிருக்கும். அதை மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும்ல?

உள்ளே ரப்பர் சீல் கிடையாது. அந்த வெப்பத்திலும் வேகத்திலும் ரப்பர் ஒரு நாள் கூடத் தாங்காது. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள் இருக்கின்றன. அவை குழாயை மூடுவது போல ஆயிலை அடைத்து நிறுத்துவதில்லை. இன்ஜின் சுமையோடு ஓடும்போது இரண்டு விசிறிகளின் பக்கமும் உள்ள காற்றழுத்தம், நடுவில் ஆயில் இருக்கும் அறையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஆயிலை உள்ளேயே வைத்திருக்கிறது, வளையம் அதற்கு ஒத்தாசை செய்கிறது.

ஆகவே ஆயில் வெளியேற மூன்று வழிகள் உண்டு. வெளியே அழுத்தம் குறையலாம், நடு அறையில் ஆயிலோ அழுத்தமோ தேங்கலாம், அல்லது பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் அலையலாம். மூன்றாவது மட்டுமே டர்போவின் சொந்த நோய். முதல் இரண்டும் இருக்கும் வண்டியில் புத்தம்புது டர்போவை மாட்டினாலும் அதுவும் ஆயில் தள்ளும்.

ஹோஸைக் கழட்டிப் பார்த்தா உள்ளே ஆயிலா இருக்குதுங்க. டர்போ போச்சுங்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேர் வீணாகச் செலவு செய்வதும் இதைப் பார்த்துத்தான். எரிப்பறையிலிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை, கூடவே கொஞ்சம் ஆயில் ஆவியையும் சேர்த்து, பிரீதர் குழாய் டர்போவின் காற்று நுழைவாயிலுக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. அதனால் நன்றாக ஓடும் காரிலும் டர்போவின் காற்று ஹோஸின் உட்புறம் எண்ணெய் தடவியது போல் இருக்கும். விரலால் துடைத்தால் விரல் கறுத்து வழுவழுக்கும். அது வழக்கமான நிலை. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் ஓரிரு கரண்டி தேங்கியிருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன்.

ஹோஸைச் சாய்த்தால் ஊற்றுகிறது என்றால் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது காற்று உள்ளே நுழையும் பக்கம். நுழைவாயிலில் பிரீதர் சேரும் இடத்திலிருந்தே ஈரம் தொடங்கினால் ஆயிலைக் கொண்டுவருவது இன்ஜின். டர்போ வாங்கிக் கடத்துகிறது, அவ்வளவுதான். நுழைவாயில் காய்ந்திருக்க, விசிறிக்கு அப்பால் மட்டும் குளமாக இருந்தால் டர்போவின் மேல் சந்தேகம் வலுக்கும்.

வெளிப்பக்கம் முழுக்க ஆயில் அப்பியிருக்கு. எங்கே இருந்து வருதுன்னு எப்படி உறுதியா கண்டுபிடிக்கிறது?

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது. ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் விசிறும். எனவே கடைசியில் ஈரமாக இருக்கும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. டேப்பெட் கவர் கேஸ்கெட், வேக்யூம் பம்ப், ஆயில் ஃபில்டர் இருக்கை ஆகியவற்றில் கசிந்த ஆயில் டர்போவின் மேல் சொட்டி, அந்தச் சூட்டில் புகைந்து நாறுவதைப் பார்த்துவிட்டு டர்போவையே கழற்றியவர்கள் உண்டு.

நாங்கள் செய்யும் முறை இது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பாலிதீன் பையால் மூடிவிட்டு, டர்போவையும் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் டிகிரீசரால் கழுவி, காற்றடித்து நன்றாக உலர்த்துகிறோம். அதன்பின், சூடேறாத பாகங்களின் இணைப்புகளைச் சுற்றி, முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுகிறோம். கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பரப்பின் மேல் பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். கோடு முடியும் இடத்தை விட்டுவிட்டு, அது தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கசிவு மிகவும் மெதுவாக இருந்தால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, இரண்டு நாள் ஓட்டிய பிறகு புற ஊதா விளக்கில் பார்ப்போம்.

கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு டர்போவின் அடிப்பக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள். திரும்பும் பைப்பின் கேஸ்கெட் அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து பார்க்கிற எவர் கண்ணிலும் அது படுவதில்லை.

மேலே இருக்கிற ஆயில் பைப் ஜாயின்ட்லதான் கசியுது. இன்னும் ரெண்டு சுத்து டைட் வெச்சா நிக்காதா?

நிற்காது, போல்ட்தான் முறியும். அந்த போல்ட்டின் நடுவில் ஆயில் போவதற்குத் துளை இருப்பதால் அது சாதாரண போல்ட்டைவிடப் பலவீனமானது. இரு பக்கமும் உள்ள செப்பு வாஷர்கள் ஒரு முறை நசுங்கி அடைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. ஒருமுறை கழற்றினால் புதிய வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும். அங்கே கேஸ்கெட் பசை தடவவே கூடாது. பிய்ந்து உள்ளே போகும் ஒரு துணுக்கு போதும், டர்போவுக்கு ஆயில் நின்றுபோகும்.

ஏர் ஃபில்டர் மாத்துங்கன்னு சொல்றீங்க. ஆயில் கசிவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபில்டர் அடைத்திருக்கும்போது விசிறி காற்றை இழுக்க முடியாமல் தன் முன்னால் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. ஸ்ட்ராவின் நுனியை விரலால் மூடிக்கொண்டு இளநீரை உறிஞ்சுவது போன்ற நிலைதான். மேலே சொன்ன அழுத்த வித்தியாசம் அப்போது தலைகீழாகிறது. நடு அறையின் ஆயில் வளையத்தைத் தாண்டி விசிறிப் பக்கம் இழுபடுகிறது.

திருப்பூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பனியன் கம்பெனி வளாகங்களுக்குள் தினமும் போய்வந்த ஒரு காரின் ஃபில்டரை வெளியே எடுத்தபோது, அதன் மடிப்புகளே தெரியாமல் பஞ்சு மெத்தை போல ஒட்டியிருந்தது. சர்வீஸ் தேதி இன்னும் வரவில்லை என்று உரிமையாளர் சொன்னார், அதுவும் உண்மைதான். ஃபில்டரை மாற்றி, இன்டர்கூலரைக் கழுவிக் கொடுத்தோம். டர்போவைத் தொடவில்லை. கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு பொதுவான சாலைகளுக்கானது. பஞ்சும் சிமென்ட் தூளும் பறக்கும் இடங்களில் ஓடும் வண்டிக்கு அதில் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட்டைக் கையால ஆட்டினா ஆடுது. அப்போ டர்போ போச்சுன்னுதானே அர்த்தம்?

எந்தத் திசையில் ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் படலம் இல்லை. ஆகவே மிதக்கும் புஷ்ஷுக்குள் ஷாஃப்ட் மேலும் கீழுமாக, பக்கவாட்டில், சிறிது அசையத்தான் செய்யும். புதிய டர்போவிலும் அப்படித்தான். நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது அசைவு விரலுக்குத் தெரியவே கூடாது. அந்தத் திசையில் பொதுவாக அனுமதிக்கப்படுவது 0.1 மில்லிமீட்டருக்குள்தான் என்பதால், 'டக் டக்' என்று கைக்குத் தட்டுப்பட்டால் தள்ளுவிசையைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பக்கவாட்டு அசைவு அளவுக்குள் இருக்கிறதா என்று அறிய, ஷாஃப்ட்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே விரலால் சுற்றிப் பாருங்கள். இறக்கைகள் சுவரில் உரசினாலோ, சுவரில் வட்டமாகப் பளபளக்கும் கீறல் இருந்தாலோ விவாதத்துக்கு இடமில்லை. இறக்கையின் ஓரம் அரிக்கப்பட்டோ வளைந்தோ இருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசியோ வேறு பொருளோ உள்ளே வந்திருக்கிறது. அந்த வழியையும் தேட வேண்டும். இவை எல்லாம் ஆறிய வண்டியில் செய்யும் வேலைகள். ஓடும் இன்ஜினில் அந்த நுழைவாயிலுக்கு அருகில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

சைலன்சர்ல நீலப் புகை வருது. டர்போவா, பிஸ்டன் ரிங்கா?

புகை வரும் நேரம் முதல் துப்பு. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு பொதி வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங்காகவும் இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். புகையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

கழற்றிப் பார்ப்பதே நிச்சயமான வழி. டர்போவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து பிரித்ததும், இன்ஜின் பக்கத் துளைகளில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கேயே ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் அது சிலிண்டரிலிருந்து வருகிறது. அங்கே காய்ந்த கரி மட்டும் இருந்து, டர்பைனுக்கு அப்பால் உள்ள குழாய் நனைந்திருந்தால் டர்போவிலிருந்து வருகிறது. இன்ஜினுக்குள் காற்றோடு போய் எரியும் ஆயிலும் இதே நீலப் புகையைத் தரும் என்பதால், ஹோஸ் பற்றிய முந்தைய கேள்வியில் சொன்ன சோதனையையும் கூடவே செய்துவிடுங்கள்.

ஓடும்போது ஒண்ணும் இல்லைங்க. ஏசி போட்டு நிறுத்தி வெச்சு அரை மணி கழிச்சு எடுத்தா மட்டும் புகை தள்ளுது. ஏன்?

ஐடிலில் டர்போ அழுத்தம் உண்டாக்குவதில்லை. ஆயில் வருவது மட்டும் நிற்பதில்லை. வெளியே தடுக்கும் காற்று இல்லாததால் சிறிதளவு வளையத்தைத் தாண்டிச் சேர்கிறது, வேகமெடுத்ததும் மொத்தமாக எரிகிறது. ஒரு பொதி வந்து நின்றுவிட்டால் அது பழக்கத்தின் விளைவு. ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நிற்காவிட்டால் திரும்பும் பைப்பைப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ப்ளோ-பை அடிக்குதுன்னு சொன்னாங்க. அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது, டர்போவை அது என்ன பண்ணும்?

ரிங்குகள் தேய்ந்த இன்ஜினில் வாயு அளவுக்கு மீறிச் சம்ப்புக்குள் இறங்குகிறது. அதைத்தான் ப்ளோ-பை என்கிறார்கள். திரும்பும் பைப்பில் ஆயில் தன் எடையால்தான் வடிகிறது என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? கீழே அழுத்தம் ஏறினால் அது வடிய முடியாமல் பைப்பிலேயே நின்று, டர்போவின் நடு அறை நிரம்பி, இரு பக்கமும் வழிகிறது. பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்களையும் சரிப்படுத்தியிருக்கிறோம் என்பதால், ரிங் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, துளையின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை; குதித்து விழுந்து, துளையிலிருந்து ரயில் இன்ஜின் போலப் புகை வந்தால் அழுத்தம் அதிகம். இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் துளையில் அழுத்தமானி வைத்து அளந்து, அந்த இன்ஜினுக்கு உரிய அளவோடு ஒப்பிட்ட பிறகே இன்ஜினைத் திறப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்களுது பிஎஸ்6 டீசல். புகையே வரலை, கசிவும் தெரியலை, ஆனா ஆயில் குறையுது. எப்படி?

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை மாசு விதிக்குப் பிறகு டீசல் கார்களில் கரித்துகள் ஃபில்டர் வந்துவிட்டது. டர்பைன் பக்கம் கசியும் ஆயிலின் புகையை அது நன்றாகவே மறைத்துவிடுகிறது. ஆனால் எரிந்த ஆயிலின் சாம்பல் ஃபில்டருக்குள் தங்கிவிடும். கரியைப் போல அதை எரித்து நீக்க முடியாது. ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் இடைவெளி வழக்கத்தைவிடக் குறைந்துகொண்டே வந்தால், அதுவும் ஆயில் கசிவின் அடையாளமாக இருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்த்து, 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இந்த வண்டிகளில் நடக்கிறது. பல இன்ஜின்களில், ஃபில்டரைச் சூடாக்குவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்துவிடும். நகருக்குள் மட்டும் சிறு தூரம் ஓட்டி, சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் ஏறுகிறதே என்று மகிழ்வதற்கில்லை. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தேய்க்கும், அளவு மீறிய ஆயில், டர்போவிலிருந்து ஆயில் வடிவதைத் தடுக்கும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றுங்கள்.

போன மாசம்தான் புது டர்போ போட்டோம். மறுபடியும் கசியுது. டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?

இருக்கலாம். ஆனால் முதலில் அதைச் சொல்லாதீர்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு காருக்கு எட்டு மாதத்தில் இரண்டு டர்போ மாற்றியிருந்தார்கள். மூன்றாவதுக்கு விலை கேட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். திரும்பும் பைப்பைக் கழற்றி அதன் வாயில் சுண்டுவிரலை விட்டேன். முதல் கணு கூட நுழையவில்லை. கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் யாரோ தாராளமாகத் தடவிய சிவப்பு நிறச் சிலிக்கான் பசை, போல்ட்டை முறுக்கியபோது உள்பக்கம் பிதுங்கி, உதடு குவித்தது போல இறுகியிருந்தது. பிளேடால் அறுத்தெடுத்து, சரியான உலோக கேஸ்கெட் போட்டு, இருந்த டர்போவையே திரும்ப மாட்டினோம். அந்தக் குடும்பத்தார் முதல் டர்போவை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

புதிய டர்போ போடும் முன் பழையது ஏன் போனது என்பதற்கு ஒரு விடை கையில் இருக்க வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயில் வரும் மெல்லிய பைப் சூட்டில் கிடப்பதால் அதன் உட்சுவரில் ஆயில் கரியாகப் படிந்திருக்கும். அதைக் கழுவுவதைவிட மாற்றுவதே நல்லது. சில இன்ஜின்களில் அதன் போல்ட்டுக்குள் சிறிய சல்லடை ஒன்று உண்டு, அதையும் பார்க்க வேண்டும். மாட்டும்போது ஆயில் துளையில் புதிய ஆயிலை ஊற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிவிட்டு, இன்ஜின் பற்றிக்கொள்ளாதவாறு சில முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயிலை வரவழைத்த பிறகே கிளப்ப வேண்டும். உலர்ந்த பேரிங்கோடு ஓடும் முதல் சில நொடிகளிலேயே புதிய டர்போ பழையதாகிவிடும்.

எல்லாம் சரியா மாத்தியாச்சு, புகை மட்டும் இன்னும் நிக்கலைங்க.

இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் பழைய ஆயில் மிச்சம் இருக்கும். இன்டர்கூலரைக் கழற்றி வடித்துக் கழுவியிருக்க வேண்டும். சைலன்சரில் உள்ளது சில நீண்ட ஓட்டங்களில் எரிந்து தீரும்.

முழு டர்போ வேண்டாம், நடுப்பகுதி கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்தினாப் போதுமா?

இரண்டு பக்க உறைகளிலும் கீறலோ வெடிப்போ இல்லாவிட்டால் போதும். அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் வளையமும் புஷ்ஷும் மட்டும் வாங்கிவந்து மேசையில் வைத்து மாற்றுவதை நான் ஏற்பதில்லை. 2 லட்சம் சுற்றில் சுழலும் பொருளை அதற்கான இயந்திரத்தில் சமன்படுத்தாமல் மாட்டினால் விரைவில் விசில் கேட்கும், பிறகு கசியும். 1.3 இன்ஜினின் 75 குதிரைத்திறன் வகையில் டர்போ எளிமையானது. 90 குதிரைத்திறன் வகையில் டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் இருப்பதால் அவற்றின் அளவையும் சரிபார்த்துத் தரும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கொஞ்சம்தான் கசியுது. இப்படியே ஓட்டலாமா?

வெளியே வியர்த்தது போல் இருந்து, தரையில் சொட்டு விழாமல், டிப்ஸ்டிக் இறங்காமல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை கண்காணித்தபடி ஓட்டலாம். சொட்டினால் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். அந்த ஆயில் பழுக்கச் சிவக்கும் எக்ஸாஸ்ட் பாகத்தின் மேல் விழுகிறது என்றால் அன்றே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது தீப்பிடிக்கக்கூடிய இடம். சைரன் போன்ற ஊளைச் சத்தம், திடீரெனக் குறைந்த பிக்கப், அடர்ந்த நீலப் புகை ஆகியவை சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டாமல் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

டீசல் இன்ஜின் தானா ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காதுங்கிறாங்களே, நிஜமா?

நிஜம்தான், அரிதாக நடக்கும். டர்போ தள்ளும் ஆயில் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும்போது டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பினால் டீசல் நிற்கும், ஆயில் நிற்காது. வேகம் கூடக் கூட டர்போ இன்னும் அதிகமாக ஆயிலைத் தள்ளும். பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை எழும்.

கியர் மாற்றும் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, கடைசி கியரைப் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். அது முடியாவிட்டால், அல்லது ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால், எல்லோரையும் இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். பானட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையாலோ துணியாலோ அடைக்க முயலாதீர்கள். அது துணியை இழுத்துக்கொள்ளும், இன்ஜின் எந்த நொடியும் வெடித்துச் சிதறலாம். தானாக நின்றுவிட்டால், இன்டர்கூலரிலும் ஹோஸ்களிலும் உள்ள ஆயிலை முழுவதும் வடிக்கும் வரை, பார்ப்போமே என்று கூட மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.